இழுத்து வைக்க வேண்டிய கேள்வி

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் கண்ணழுத்த நோய் என் பார்வையை முழுதாக எடுத்துக்கொண்டது. காது மிச்சமிருந்தது. துறை விசாரணைகளை நடத்த, ஓய்வு பெற்ற அலுவலர்களின் பட்டியல் ஒன்று தயாராகிறது என்று கேள்விப்பட்டேன். காதால் செய்யும் வேலைதானே என்று விண்ணப்பித்தேன். சாட்சி பொய் சொல்வதை நான் ஒருநாளும் கண்ணால் கண்டுபிடித்ததில்லை. ஆனால் பட்டியலில் சேர இணையவழிப் பயிற்சி ஒன்றை முடித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு அது மூடப்படும். அதைத் தவறவிட்டால், செம்பாக்கத்து வீட்டில் மின்விசிறிச் சத்தத்தை விசாரிப்பதுதான் எனக்கு மிச்சமிருக்கும் பணி.

கணினியில் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்தைத் திறக்கும்போதும் அது 'முகப்பு, எங்களைப் பற்றி, படிப்புகள், தொடர்புக்கு' என்று மேலிருந்து தொடங்கும். நானும் பொறுமையாகக் கேட்பேன். கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தே பழகியவன். நடுவில் எங்கே ஆட்சேபணைக் குறிப்பு ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"ஏங்க, அந்த 'எங்களைப் பற்றி' எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நேரா பாடத்துக்குத் தாவக் கூடாதா?" என்றாள் மனைவி.

"தாவினா எதைத் தாவினோம்னு எப்படித் தெரியும்?"

"உங்க கீழ வேலை பார்த்தவங்க பாவம்" என்று சொல்லிவிட்டு ஏரிக்கரைக்கு நடக்கப் போய்விட்டாள்.

இப்படியே ஊர்ந்து வெள்ளிக்கிழமை மதியம் கடைசித் தேர்வுக்கு வந்து சேர்ந்தேன். கடைசிக் கேள்வி: ஒழுங்கு நடவடிக்கையின் படிகளை வரிசைப்படுத்துக. எனக்குச் சிரிப்பு வந்தது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, ஊழியரின் விளக்கம், விசாரணை அலுவலர் நியமனம், விசாரணை, அறிக்கை, அதன் மேல் விளக்கம், இறுதி ஆணை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எங்கே சொல்வது? எந்த விசையை அழுத்தினாலும் 'படம், படம், படம்' என்றது மென்பொருள். ஒரே ஓர் இடத்தில் தட்டச்சு செய்ய முடிந்தது. ஏழு படிகளையும் எண்ணிட்டு, விதி எண்களோடு அதில் எழுதி அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்றது. மதிப்பெண் பூஜ்யம். இன்னும் ஒரு வாய்ப்பு உண்டாம்.

நேரில் போக ஓர் அலுவலகம் இருந்திருந்தால் தாம்பரத்தில் ரயிலேறிப் போயிருப்பேன். இருந்தது உதவி எண் மட்டும். ஒரு பெண் எடுத்தார்.

"சார், ஒவ்வொரு கட்டத்தையும் மவுஸால இழுத்து வரிசையா வைக்கணும், அவ்ளோதான்."

"எனக்குக் கண் தெரியாதும்மா."

"ஓ... சாரி சார். வீட்ல வேற யாராச்சும் இழுக்கலாமே?"

"அப்போ சான்றிதழ் யாருக்கு?"

அவருக்கும் குழப்பம்தான். மேலே கேட்டுவிட்டு வந்து, கேள்வியிலிருந்தே விலக்கு தருகிறோம் என்றார். விசாரணை எப்படி நடக்கும் என்ற கேள்வியில் விலக்கு பெற்றவன் விசாரணை அலுவலர்! முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு இதை எழுப்பும். நானே அதை ஏற்றுக்கொள்வேன்.

"விலக்கு வேண்டாம். வாயால கேளுங்க."

"அதுக்கு இதுல ஆப்ஷன் இல்ல சார்."

"உங்களுக்கு வாய் இருக்கே."

சிரித்துவிட்டார். என் கணக்கை அவர் பக்கத்தில் திறந்து, படிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் வரிசையைச் சொன்னேன். அவர் இழுத்தார். "சரியா வந்துடுச்சு சார்!" என்று என்னைவிட அதிகமாக மகிழ்ந்தார்.

"பதிவுக்காக உங்கள் பெயர், பதவி சொல்லுங்கள். நான் சொல்லச் சொல்லப் பதிந்த பதிலி எழுத்தர் என்று குறிப்பிட வேண்டும்."

"ஐயோ, என் பேரெல்லாம் வேணாம் சார்! கடைசியா ஒரு டிக் மட்டும் இருக்கு. 'இத்தேர்வைப் பிறர் உதவியின்றி நானே எழுதினேன்.' போடட்டுமா?"

மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. விடை என்னுடையது, விரல் அவருடையது. எந்த விதியின் கீழ் இது வரும் என்று யோசித்துக்கொண்டே "போடுங்கள்" என்றேன். அவர் போட்டார்.

பட்டியலில் சேர்ந்துவிட்டேன். பொய் உறுதிமொழிக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணையை இப்போது சொன்னாலும் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். யார் பேரில் எழுதுவது என்பதுதான் தெரியவில்லை.