காப்புக் கட்டிய ஊரில் ஒரு வெளியாள்

காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நிற்கும். கிராம உதவியாளர் பெருமாள் ஹாரன் அடித்து, மாடியைப் பார்த்து, "இருக்கீங்களா?" என்பார். நான் வாயில் நுரையோடு கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து "இருக்கேங்க" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கொரோனா காலத்தில் இந்த வெளிநாட்டுக்காரி ஓடிப்போகாமல் இருக்கிறாளா என்று பார்த்து மேலே சொல்வதற்காக அவருக்கு இட்ட வேலை அது. நோய் போய்விட்டது, உத்தரவு போய்விட்டது, உத்தரவு போட்ட அதிகாரியும் மாற்றலாகிப் போய்விட்டார். பெருமாள் மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் எழுத்தில் கொடுக்கவில்லையாம். மலேசியாவில், தைப்பிங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒருவர் தினமும் வீட்டு முன்னால் நின்று இப்படிக் கேட்டிருந்தால் நான் காவல் நிலையத்துக்குப் போயிருப்பேன். இங்கே அவர் ஒருநாள் வராவிட்டால் மனிதருக்கு என்ன ஆயிற்றோ என்று எனக்குப் பதறுகிறது.

மலேசியாவில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கொள்ளுத்தாத்தா சேலம் ஜில்லாவிலிருந்து கப்பல் ஏறியவர். எந்த ஊர் என்று அவரும் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. நான் அவரைத் தேடிக்கொண்டு இங்கே வரவில்லை. வேரைத் தேடி வந்தாள் என்று யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒகேனக்கல்லில் குளித்துவிட்டுப் பொரித்த மீன் தின்னத்தான் வந்தேன். அப்போது நான் டிஜிட்டல் நோமாட். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சியாங் மாயில் இரண்டு மாதம், பாலியில் மூன்று மாதம் என்று திரிந்துகொண்டே கடலோர விடுதிகளின் இணையதளங்களுக்கு வாசகம் எழுதிப் பிழைப்பவள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "எந்த ஊரும் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். சொல்லும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

பெங்களூரிலிருந்து வந்து தர்மபுரியில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தபோதுதான் எல்லாவற்றையும் மூடினார்கள். முதலில் விமானம் நின்றது, பிறகு ரயில், பிறகு ஓசூர்ப் பக்கம் மாநில எல்லை. கடைசியில் லாட்ஜையே மூடப்போகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள். எங்கே போவது என்றேன். உங்கள் ஊருக்குப் போங்கள் என்றார் மேலாளர். நான் பெட்டியோடு வாசலில் நிற்பதைப் பார்த்து, அங்கே அறை கூட்டும் மாதையன் என்ற மனிதர்தான் தன் வண்டியில் ஏற்றி, நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் தன் அக்காள் மாதம்மாள் வீட்டு மாடியில் கொண்டுவந்து விட்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் மாதம்மாளின் மகன் அந்த அறைக்கு இணைய இணைப்புப் போட்டு வைத்திருந்தான். அவன் அங்கே மாட்டிக்கொண்டான், நான் இங்கே மாட்டிக்கொண்டேன். அவன் கட்டிலில் நான் படுத்தேன்.

மறுநாளே வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். இந்த வீட்டுக்குள் வராதீர்கள் என்ற வரியும், என் தனிமை முடியும் தேதியும் அதில் இருந்தன. பசை காயுமுன் மாதம்மாளின் வெள்ளாடு தேதி இருந்த பாதியைத் தின்றுவிட்டது. தேதி இல்லாததால் தனிமை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெருமாள் வேறு ஸ்டிக்கர் கொண்டுவந்து, வேறு தேதி போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். ஆட்டையும் தனிமைப்படுத்த வேண்டுமா என்று மேலே கேட்டிருக்கிறார். இன்றுவரை பதில் இல்லை. என் விசாவில் சுற்றுலாப் பயணி என்று போட்டிருந்தது. கொல்லைக் கழிப்பறைக்கும் மாடிக்கும் இடையே சுற்றுலா நடந்தது. ஊரார் என்னைக் கண்டால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரை உரசியபடி போனார்கள். ஊர் எல்லையில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டு, யாரும் உள்ளே வரக்கூடாது என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்கள். வரக்கூடாத ஆளான நான் ஏற்கெனவே உள்ளே இருந்தேன்.

அப்புறம் ஒருநாள் ஜீப் வந்தது. வெளியாட்களையெல்லாம் தர்மபுரியில் ஒரு கல்லூரி விடுதியில் கொண்டுபோய் வைக்கிறார்களாம். என்னைவிட ஊர்தான் அதிகம் கலங்கியது. வெளிநாட்டுக்காரியை இங்கிருந்து ஏற்றிப் போனதாகப் பதிவானால் தெருவைத் தகரம் வைத்து அடைப்பார்கள். தகரம் அடைத்தால் காட்டில் பழுத்து நிற்கும் தக்காளி பாலக்கோடு மண்டிக்குப் போகாது. ஊர்ப் பொதுக் காரியம் எதிலும் கடைசி வார்த்தை ஊர்க்கவுண்டருடையது. எழுபது வயது, எதற்கும் அவசரப்படாத மனிதர். ஜீப்புக்கு முன்னால் வந்து முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வெளியாளுன்னு யாருங்க சொன்னது? இது நம்மூருப் பொண்ணுங்க."

ஜீப்பில் வந்த அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கடப்பிதழை நீட்டினேன். எங்கள் பத்திரிகைகளில் பாஸ்போர்ட்டுக்கு அதுதான் சொல் என்பது உங்களுக்குத் தெரியும். மலேசியா என்று போட்டிருக்கிறதே என்றார் அவர். ஊர்க்கவுண்டர் அசரவில்லை. நான் மாதம்மாளிடம் பேச்சுவாக்கில் சொன்னது அவர் காதுக்கும் போயிருந்தது. இந்தப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா சேலம் ஜில்லாக்காரர். அந்தக் காலத்தில் தர்மபுரியும் சேலம் ஜில்லாதான். ஆகவே அவர் இந்த ஊரிலிருந்து போயிருக்கலாம். போகவில்லை என்பதற்கு யாரிடம் சாட்சி இருக்கிறது? அதிகாரி யோசித்துப் பார்த்தார். அவரிடமும் சாட்சி இல்லை. அதற்குள் மாதம்மாள், நான் தன் பெரியப்பா வழியில் தங்கை முறை என்று ஒரு உறவையும் செய்து முடித்துவிட்டார். ஜீப் திரும்பிப் போனது.

தக்காளிக்காகச் சொன்ன பொய்யை ஊர் மறுநாளே மறந்துவிடும் என்று நினைத்தேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். இவர்கள் சொன்னால் சொன்னதுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் வாசலில் நின்று நலம் விசாரித்தார்கள். எப்போதோ செத்துப்போன ஒருத்தியின் மூக்கு அப்படியே என் முகத்தில் இருக்கிறதென்று கண்டுபிடித்தார்கள். அதுவரை "சாப்புடுங்க, குளிச்சிட்டு வாங்க" என்றிருந்த மாதம்மாள் அக்கா, வா போ என்று அதட்டத் தொடங்கினார். தலையை விரித்துப் போடாதே, பொழுது சாய்ந்து துணி காயப் போடாதே, கேழ்வரகுக் களியை மெல்லாதே, விழுங்கு. என் வேலையைப் பற்றி ஒருநாள் விவரமாகக் கேட்டார். பூட்டிக் கிடக்கும் விடுதிகளுக்கு "வாருங்கள், வந்து ஓய்வெடுங்கள்" என்று எழுதுகிறேன் என்றேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே கூப்பிடுகிறாயா என்றார். ஆமாம் என்றேன். அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறானா என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அன்று மேற்கொண்டு எழுத ஓடவில்லை.

ஆடி மாதம் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, தள்ளிப்போட்டால் ஆபத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. அம்மா அழவெல்லாம் இல்லை. "கையெழுத்துப் போட நீ வருவியா, இல்ல பக்கத்து வீட்டு ஆ மெய்யைக் கேக்கட்டுமா?" என்றார். ஆ மெய் நல்ல சீனத்தி. ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாயாய் அலைந்து, சென்னையிலிருந்து மலேசியர்களை ஏற்றிப் போகும் சிறப்பு விமானத்தில் ஓர் இடம் பிடித்தேன். அங்கே இறங்கினாலும் இரண்டு வாரம் ஓட்டலில் அடைத்து வைப்பார்கள், அதைக் கழித்தால் அறுவைக்குச் சரியாக இருக்கும். அடுத்த விமானம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. சென்னை போக ஈ-பாஸ் கேட்டு விண்ணப்பித்தேன். காரணம் போதாது என்று தள்ளினார்கள், மறுபடி கேட்டேன், மறுபடி தள்ளினார்கள். கடைசியில் பாஸ் கைக்கு வந்தபோது, முந்தின நாள்தான் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள்.

உங்களுக்கு இது புரியவேண்டும். பூசாரி கையில் காப்புக் கட்டி, ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத் தங்கக்கூடாது. தங்கினால் அம்மனுக்குக் குற்றம், ஊருக்கு நோய். அந்த வருடம் கூட்டம் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால், அது பூசாரியும் அம்மனும் மட்டும் கலந்துகொண்ட திருவிழா. ஆனால் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், அதுவும் ஊரெல்லாம் நோய்க்குப் பயந்து கிடக்கும் வருடத்தில். அரசாங்கத்தின் தடைக்காவது ஈ-பாஸ் உண்டு, அம்மனிடம் அதுவும் கிடையாது.

விடிந்ததும் கோயில் முன்னால் கூடினோம். இடைவெளிக்காகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நின்றார்கள். முள்ளுக்கு அந்தப் பக்கம் வாடகைக் கார் காத்திருந்தது. யாரும் என்மேல் கோபப்படவில்லை. எல்லோரும் எனக்கு வழி தேடினார்கள், அதுதான் கொடுமை. விமானம் பொழுதுக்குள் திரும்பி வந்துவிடுமா என்று ஒருவர் கேட்டார். ஆகாயத்தில் தூங்கினால் அது வெளியூர் கணக்கில் வராது என்றார் இன்னொருவர். ஓட்டலில் போய்த் தூங்காமல் உட்கார்ந்திருக்க முடியுமா என்று பூசாரி என்னையே கேட்டார். ஊர்க்கவுண்டர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, ஒரே வழிதான் இருக்கிறது என்றார். கட்டுப்பாடு ஊர்க்காரருக்குத்தான், வெளியாளுக்கு இல்லை. ஊர்ப் பொண்ணு என்று அதிகாரியிடம் சொன்னது நாங்கள். அது இல்லை என்று நாங்களே சொன்னால் பொய்யாகிவிடும் என்றார்.

"நீதான் ஆத்தா முன்னால சொல்லணும், கண்ணு. ஊர்க்காரியா, வெளியாளா?"

எத்தனை விமான நிலையங்களில் எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டே சொன்ன பதில். அம்மா அங்கே தனியாகப் படுத்திருக்கிறார். சொல்லவேண்டியது ஒரே ஒரு சொல். வாய் வரவில்லை. தக்காளியைக் காப்பாற்றப் பிறந்த உறவுக்காக ஒருத்தி இப்படி நிற்பாளா என்று எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பக்கத்து வட்டத்தில் மாதம்மாள் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெளியாளுங்க" என்றேன்.

சொன்னவுடன் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் இங்கே நிற்கக்கூடாதே என்றார் பூசாரி. காப்புக் கட்டிய ஊருக்குள் வெளியாள் இருக்கலாகாது. பெட்டியை எடுக்க வீட்டுக்குப் போகவும் விடவில்லை. தோரணத்துக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள், பெட்டி வரும் என்றார்கள்.

போய்ச் சேர்ந்தேன். அம்மாவின் அறுவை நல்லபடியாக முடிந்தது, இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறார். எல்லைகள் திறந்த பிறகு பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இந்த மாடியில் என்று ஆகிவிட்டது. நீ எங்கேதான் இருக்கிறாய் என்று இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது விமானமும் ஓட்டலும் அல்ல, எல்லையில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான்.

முள்ளை ஓரமாக நகர்த்தி வழி விட்டிருந்தார்கள். அதற்கு மேலே வேப்பிலைத் தோரணம் தாழ்வாகத் தொங்கியது. மாதையன் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு விலகி நின்றார். பின்னாலேயே மாதம்மாள் அக்கா கைப்பிடி வைத்த ஒரு தூக்குப்போசியில் சோற்றோடு வந்தார். புளிச்சோற்று வாசம் எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"காப்புக் கட்டுன ஊர்லருந்து வெளியாளுக்கு எதுவும் குடுக்கக் கூடாதுங்க."

அந்த "ங்க" என்னை அறைந்தது. அவர் தூக்குப்போசியைத் தோரணத்துக்கு உள்பக்கம் தரையில் வைத்தார். தான் கொடுக்கவில்லை, வைத்துவிட்டு மறந்துபோனதாகச் சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அவரைப் பார்த்து மாதையனும் முதுகைத் திருப்பினார். பூசாரி திரும்பினார். ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் திரும்பினார். வழியனுப்ப வந்த அத்தனை பேரும், வெளியாள் ஒருத்தி திருடுவதற்குத் தோதாக, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கார்க்காரர் ஹாரன் அடித்தார். நான் கால் இரண்டையும் வெளியே வைத்துக்கொண்டு, தோரணத்துக்குக் கீழே குனிந்து, கையை ஊருக்குள் நீட்டினேன். வேப்பிலை முதுகில் உரசியது. எட்டவில்லை. கைப்பிடி விரல் நுனிக்கு அந்தப் பக்கமே இருந்தது. மாதம்மாள் அக்காவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் உள்ள வா."