சிம்கோ ஏரியில் சிக்கிய நங்கூரம்

1996 ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை விடிகாலை, கனடாவில், வெக்ஸ்போர்டில் என் வீட்டு வாசலில் யேசுதாசனின் கார் வந்து நின்றது. ஆள் பேசாலைக்காரர். மன்னார்க் கடலில் தொழில் செய்தவர். இங்கே நாலு வருடமாக மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. கனடாவுக்கு வந்தபின் வள்ளத்தில் கால் வைக்கவில்லை என்பது அவருடைய பெருங்குறை. நானோ யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவன். இங்கே தமிழ்ப் பேப்பர் ஒன்றில் இடைக்கிடை எழுதுகிறேன். நீந்தத் தெரியாது. மீன் சாப்பிட நன்றாகத் தெரியும்.

வடக்கே சிம்கோ ஏரி எழுபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ஏழு மணிக்குக் கரையில் இறங்கியபோது வெயில் பளிச்சென்று அடித்தது. பனிக்கட்டி உருகி இரண்டு கிழமைதான் ஆகிறதாம். எஞ்சின் பூட்டிய அலுமினிய வள்ளத்துக்கு நாள் வாடகை நாற்பத்தைந்து டொலர். வாடகைக்குத் தந்த வெள்ளைக்காரக் கிழவி இரண்டு மிதவை அங்கிகளையும் கையில் திணித்து, வெயிலை நம்பவேண்டாம், தண்ணீரின் வெப்பம் ஐந்து பாகைதான் என்று இரண்டு தரம் சொன்னார். நான் உடனே மாட்டி, வாரையும் இறுக்கிக்கொண்டேன். யேசுதாசன் மரியாதைக்கு வாங்கி, கிழவியின் கண் மறைந்ததும் ஆசனத்தில் மடித்துப் போட்டு அதன்மேல் அமர்ந்துகொண்டார். கடல்காரன் இதை மாட்டினால் ஊர் சிரிக்கும் என்றார். நான் மாட்டியிருந்ததற்கு அவர் ஒருவரே போதுமான அளவு சிரித்தார்.

கையளவு பேர்ச் மீன்கள் நன்றாகவே கொத்தின. மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. இடம் மாறலாம் என்று நங்கூரத்தை இழுத்தால் அது வரவில்லை. அடியில் எங்கோ கல்லில் சிக்கிவிட்டது. ஊரில் இப்படிச் சிக்கினால் கயிற்றைப் பிடித்துச் சுழியோடி எடுத்துவிடுவார்கள். அவருடைய கைகால் இன்னும் அந்தப் பழக்கத்திலேயே இருந்தது. கயிற்றை அறுத்துவிடுவோம் என்று நான் வாய் திறப்பதற்குள், சப்பாத்தையும் ஜாக்கெற்றையும் கழற்றிவிட்டுக் குதித்துவிட்டார்.

உள்ளே போன தலை உடனே மேலே வந்தது. வாய் திறந்திருந்தது, ஆனால் சத்தமில்லை. பிறகு அடக்கமுடியாமல் மூச்சு வாங்கியது. வள்ளம் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், தள்ளித்தான் நின்றது. அந்த ஒரு பாகத்தை அவரால் நீந்தமுடியவில்லை. கைகள் தண்ணீரை அடித்தனவே தவிர உடம்பு நகரவில்லை. பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த அங்கியைத் தூக்கி எறிந்தேன். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். துடுப்பை நீட்டிக் கிட்ட இழுத்து, பக்கவாட்டில் தூக்கக் குனிந்தேன். பல் கிட்டிய நிலையிலும் தடுத்தார்.

“பக்கத்தாலை வேண்டாம் அண்ணை, கவிழ்ந்திடும். பின்னாலை.”

அவர் எஞ்சினில் காலை ஊன்ற, நான் சட்டையைப் பிடித்து இழுக்க, ஒருவாறு ஏறி விழுந்தார். ஈர உடுப்பைக் களைந்து, காய்ந்த ஜாக்கெற்றையும் என் கம்பளித் தொப்பியையும் போட்டுவிட்டேன். அவர் விரல் மடங்கவில்லை. பொத்தான்களை நான்தான் பூட்டினேன். கயிற்றை அறுத்து, அவர் சொல்லச் சொல்ல எஞ்சினை ஓட்டிக் கரை சேர்த்தேன்.

கிழவி ஏசவில்லை. ஹீற்றர் அருகே இருத்தி, கம்பளியால் சுற்றி, சீனி கூடப் போட்ட தேநீர் தந்தார். கைகாலைத் தேய்க்கவேண்டாம் என்று என்னைத் தடுத்தார். இந்தக் குளிரில் முதலில் மூச்சுத் திணறும், பிறகு கைகால் இயங்காது, எத்தனை பெரிய நீச்சல்காரனுக்கும் அப்படித்தான் என்றார்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்துக்குத் தப்பி இந்தியாவுக்குப் போகையில், படகோட்டி இராமேஸ்வரம் பக்கத்து மணல்திட்டுக்கு வெகுதூரத்திலேயே இறக்கிவிட்டபோது, மூன்று வயது மகளைத் தோளில் வைத்து நீந்திக் கரையேறியவர் அவர்.

“பிள்ளையையும் சுமந்து நீந்தினனான் அண்ணை. இண்டைக்கு ஒரு பாகம் ஏலாமல் போச்சுது,” என்றார்.

எங்கள் கடல் விழுந்தவனுக்கு அவகாசம் தரும், இந்த ஏரி தராது என்று மட்டும் சொன்னேன். நடந்ததை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சம்மதித்தேன்.

மோர்னிங்சைட்டில் அவர் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே, பேசாலை ஆட்கள் இரண்டு பேர் காரில் தூண்டில்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டு, நாளைக்குத் தாங்களும் சிம்கோவுக்குத்தான் என்று உற்சாகமாகக் கை காட்டினார்கள். யேசுதாசன் கதவைத் திறந்தவர், இறங்காமல் என் பக்கம் திரும்பினார்.

“உவங்களுக்கு நானே போய்ச் சொல்லுறன். மற்றவங்களுக்கு நீங்கள் பேப்பரிலை எழுதுங்கோ அண்ணை. என்ரை பேரையும் போடுங்கோ. குதிச்சது ஆர் எண்டு தெரிஞ்சால்தான் எங்கடையாக்கள் நம்புவாங்கள்.”

அதனால்தான் பெயரை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.