பெப்பர் மேல் ஒரு புகார்

ரெக் ஹானஃபர்ட் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அது அதையேதான் சொன்னது. அவருடைய நாய் பெப்பர், முன் தோட்டத்தில் நின்றுகொண்டு தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்து மணிக்கணக்கில் குரைக்கிறதாம். அக்கம்பக்கத்தார் ஒருவர் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறாராம். இருபத்தெட்டு நாளைக்குள் அடக்காவிட்டால் விவகாரம் கோர்ட்டுக்குப் போகும், நாயை அப்புறப்படுத்தச் சொல்லி உத்தரவு வரலாம் என்று நகரசபை முத்திரை போட்டு எழுதியிருந்தது.

"மணிக்கணக்காவா?" என்று வேலியோரம் படுத்திருந்த பெப்பரைக் கேட்டார். "நீயா?"

பெப்பர் வாலை ஆட்டியது.

அவர் கண்ணுக்குத் தெரிந்த பெப்பர் வேறு. தெருவில் ஆள் போனால் ரெண்டு குரை குரைக்கும், அதோடு சரி. மாடு ஓட்டுகிற சாதி நாய். ஒன்பது வயது. பண்ணை வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் குட்டியாகக் கொடுத்தது. மனைவி பெரில் போய் ஆறு வருஷமாகிறது, அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டே ஜீவன்கள்தான். அதிலும் ஒன்றை நகரசபை கேட்கிறது. ஒன்பது வயது மாட்டு நாயை இன்னொருத்தர் வாங்கிக்கொள்ள மாட்டார். அப்புறப்படுத்துவது என்றால் என்ன அர்த்தம் என்று பெல்லரூ ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

யார் கொடுத்திருப்பார்கள்? ரெக்குக்குச் சந்தேகமே இல்லை. பதினாலாம் நம்பர் வீட்டுக்கு மெல்போர்னிலிருந்து குடிவந்தவன்தான். நாற்பது வயது ஆம்பிளை, காலை ஒட்டிய கால்சட்டை போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவன், வேறென்ன செய்வான்? நேரே போய்க் கதவைத் தட்டினார்.

"உனக்கு என் நாய் என்னய்யா பண்ணுச்சு? நேர்ல வந்து சொல்ல வாய் இல்லையா?"

அந்த ஆள் திடுக்கிட்டுப் போனான். "நான் எந்தப் புகாரும் கொடுக்கலைங்க. சத்தியமா. ஆனா ரெக், நீங்க ஒரு தடவை..." என்று ஆரம்பித்து, பாதியில் மென்று விழுங்கிவிட்டான். "ஒண்ணுமில்ல. நல்ல நாய்ங்க அது."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டு ரெக் திரும்பி வந்தார்.

அடுத்த வாரம் முழுக்க அவர் செய்யாத வேலையில்லை. தெரு தெரியாதபடி வேலி நெடுகப் பலகை அடித்தார். முப்பது வருஷத்து ரோஜாச் செடிகளில் நாலு அந்த வேலையில் போயின. நாய் குரைத்தால் எலுமிச்சை வாசனையைப் பீய்ச்சுகிற கழுத்துப் பட்டை ஒன்று வாங்கி மாட்டினார். முதல் பீய்ச்சலில் பெப்பர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அதைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டார். தன் கணக்கில் பெப்பர் வெகுவாகத் திருந்திவிட்டது என்றே நம்பினார். அப்போதுதான் நகரசபையின் நாய்ப் பிரிவிலிருந்து ஷோனா என்ற பெண் ஃபோன் செய்யாமல் நேரில் வந்து நின்றாள். புகார் இன்னும் நிற்கிறது, குரைப்பு குறையவே இல்லை என்றாள்.

"பொய்! எவன் சொல்றான்?"

"பேரு சொல்லக்கூடாது ரெக். ஆனா குரைப்பு நாட்குறிப்பு இருக்கு. பதினாலு நாள் எழுதிக் கொடுத்திருக்காங்க. நகல் வேணும்னா தரேன், படிச்சுப் பாருங்க."

அந்த ஊரில் நாய்ச் சண்டை இப்படித்தான் நடக்கும். வேலிக்கு மேலே சிரித்துப் பேசுவார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்து வாங்குவார்கள். உள்ளே போய் மணி பார்த்து, நாய் எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தியது, யாரைப் பார்த்துக் குரைத்தது என்று நகரசபை கொடுக்கிற படிவத்தில் எழுதுவார்கள். முகத்துக்கு நேரே ஒரு சொல் வராது. வந்தால் மரியாதைக் குறைவு.

ரெக் அந்த நகலோடு அடுப்படி மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெயரைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். கையெழுத்தை அடிக்க முடியுமா? பக்கத்து வீட்டு நெரிடாவின் கையெழுத்து. வருஷா வருஷம் பிளம் ஜாம் பாட்டில் மேல் ஒட்டி வருகிற அதே சாய்ந்த எழுத்து. பெரில் செத்த அன்றைக்கு இந்த வீட்டில் தேநீர் போட்டவள் அவள். பெப்பருக்கு ஆட்டு எலும்பு கொண்டுவருகிறவளும் அவள்தான்.

பிறகுதான் எழுதியிருந்ததைப் படித்தார்.

"செவ்வாய். காலை 10.40 முதல் 11.25 வரை. தள்ளுவண்டியில் குழந்தையோடு போன பெண்ணைப் பார்த்து ஆரம்பித்தது. உரிமையாளர் வீட்டில்தான். நாய்க்கு ஆறடி தள்ளி ரோஜா வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை."

"வியாழன். 3.15 முதல் 3.50. பள்ளிக்கூடப் பிள்ளைகள். உரிமையாளர் வராந்தாவில் சாண்ட்விச் சாப்பிட்டார். நாய் அவரிடம் ஓடி ஓடிப் போய் வந்தது."

"சனி. 8.00 முதல் 9.10. குழாய் ரிப்பேர்க்காரர் வந்தார். கதவைத் தட்டினார், கூப்பிட்டார், போய்விட்டார். உரிமையாளர் முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்."

அந்தச் சனிக்கிழமை! குழாய்க்காரன் வரவே இல்லை என்று கடைத்தெரு முழுக்க அவன் மானத்தை வாங்கியவர் அவர். "வந்தேன், ஆளில்லை" என்று அவன் விட்டுப்போன சீட்டைக்கூட, புளுகன் என்று கிழித்துப் போட்டிருந்தார்.

பதினாலு நாளும் இப்படியே. நாயைப் பற்றிக் கொஞ்சம், அவரைப் பற்றி நிறைய. கிளப்பில் எல்லாரும் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள் என்று பீர் குடிக்கப் போவதை நிறுத்தி இரண்டு வருஷம். புல்தரையில் உருட்டுப்பந்து ஆட்டம் அலுத்துவிட்டது என்று விட்டது அதற்குப் பிறகு. தொலைக்காட்சியில் இப்போதெல்லாம் ஒருத்தனுக்கும் பேசத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். எல்லாக் காரணங்களும் ஒரே நிமிஷத்தில் கழன்று விழுந்தன. மர மில்லில் பெரிய ரம்பத்தின் பக்கத்தில் நாற்பத்துமூன்று வருஷம் நின்றவர் அவர். காதுமூடி பயந்தாங்கொள்ளிக்கு என்று, கொடுத்ததைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் ஒருவர்.

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வேலிக்குப் போனார். நெரிடா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவரையும் கையிலிருந்ததையும் பார்த்ததும் துணியைக் கூடையில் போட்டுவிட்டாள்.

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா நெரிடா? முப்பது வருஷப் பழக்கம். மூஞ்சிக்கு நேரா சொல்லக்கூடாதா?"

"எதை ரெக்? நாயைப் பத்தியா, காதைப் பத்தியா?"

அவள் கிட்டே வந்து, அவர் முகத்துக்கு எதிரே நின்று பேசினாள். எத்தனை நாளாக அப்படி நின்று பேசுகிறாள் என்பதுகூட அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நாயைப் பத்தி பத்துத் தடவை சொன்னேன். இங்கிருந்தே தொண்டை கிழியக் கத்தினேன். நீ பாட்டுக்கு ரோஜாவுக்கு மருந்தடிச்சிட்டிருந்த."

"சரி, காதைப் பத்தி?"

"ஒரு ஆம்பிளைகிட்ட அதை எப்படிச் சொல்றது? அதுவும் உன்கிட்ட! நாய்க்குன்னா நகரசபைல ஒரு படிவமாச்சும் இருந்துச்சு. எழுதினா உன் கைக்கு வரும், படிச்சா உனக்கே புரியும்னு நெனச்சேன். கோர்ட்டு, உத்தரவுன்னு போகும்னு எனக்கென்ன தெரியும்? மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

"என் நாயைக் கொன்னிருப்பியேடி!"

"கொன்னிருப்பேன்தான்," என்று அழுதாள் நெரிடா. "ஆனா அது மேல தப்பே இல்ல ரெக். நீ பழக்குனதைத்தான் அது செய்யுது. முன்னெல்லாம் ஆள் வந்தா குரைக்கும், நீ உள்ளேருந்து 'போதும்'பே, டக்குனு நிறுத்தும். இப்ப நீ சொல்றதில்ல. நீ சொல்லாம அது நிறுத்தாது. நீ சொல்லுவே, சொல்லுவேன்னு குரைச்சுக்கிட்டே கெடக்கு."

ரெக் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பண்ணை நாயை அப்படித்தான் பழக்குவது. எஜமான் சொல்கிறவரை வேலையை விடக்கூடாது. அவரே பழக்கியது. கெட்டிக்கார நாய் என்று ஊரெல்லாம் பெருமையடித்தது.

நெரிடாதான் ஷோனாவிடம் போய்ப் புகாரை நிறுத்தி வைக்கச் சொன்னாள். குரைப்பு நின்றால்தான் ஃபைலை மூடுவேன், அந்த இருபத்தெட்டு நாளில் மாற்றமில்லை என்று ஷோனா சொல்லிவிட்டாள். பத்தொன்பதாம் நாள் நெரிடாவின் காரில், ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கிற பெரிய ஊருக்குக் காது வைத்தியரிடம் போனார்கள். திரும்பும்போது ரெக்கின் இரண்டு காதிலும் அவரைவிதை அளவு கருவிகள் இருந்தன. வழியெல்லாம் அவர் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். காரின் சிக்னல் டிக் டிக் என்றது. அவர் சட்டை இருக்கையில் உரசியது. அவர் மூச்சு விடுவதே அவருக்குக் கேட்டது.

வீட்டு முன் இறங்கியபோது பதினாலாம் நம்பர்க்காரன் சைக்கிளில் போனான். பலகை வேலிக்குப் பின்னாலிருந்து பெப்பர் குரைத்தது.

ரெக் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கதவைத் திறந்தார். பெப்பர் குரைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தது.

"போதும்," என்றார்.

அந்த நொடியே நிறுத்திவிட்டு உட்கார்ந்தது. கோர்ட்டும் உத்தரவும் அதோடு போயின. நெரிடா சந்தோஷத்தில் கையைத் தட்டினாள். ரெக் அசையவில்லை.

"நெரிடா, இது பெப்பர் குரலே இல்லையே. நல்லா கணீர்னு இருக்குமே. இதென்ன, இப்படிக் கரகரன்னு கம்மிப்போய் வருது?"

நெரிடாவின் கை நின்றது. "தொண்டை போயிடுச்சு ரெக். கத்திக் கத்தி."

"எப்பலேருந்து?"

"ஒரு வருஷத்துக்கு மேலேயே இருக்கும்."

ரெக் தோட்டத்துப் பாதையில், அந்த நாயின் பக்கத்தில், அப்படியே தரையில் உட்கார்ந்து விட்டார்.