இருநூறு தலைக்கட்டு

ஐப்பசி முதல் செவ்வாய்க்கிழமை. மதினிக்கு டயாலிசிஸ் நாள். அந்த நாட்களில் எங்கள் காலை ஒரே வரிசையில்தான் நடக்கும். தூத்துக்குடி மில்லர்புரத்தில் குடியிருக்கும் நான் முந்தின நாள் மாலையே ஊருக்கு வந்துவிடுவேன். மதினி இட்லியைச் சாப்பிட்டு, அளந்து வைத்த தண்ணீரில் மாத்திரையை விழுங்கி, வீட்டைப் பூட்டுவார். மருத்துவமனைப் பையை நான் எடுத்துக்கொள்வேன். அண்ணனும் பிள்ளைகளும் மும்பையில் மளிகைக்கடை நடத்துகிறார்கள். அங்கே வந்துவிடும்படி எத்தனையோ முறை கூப்பிட்டும் மதினி அசையவில்லை. "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

அன்று பேருந்தில் டெப்போ அதிகாரி ஒருவர் வந்திறங்கினார். இனி ஊருக்குள் வராமல், நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கிலேயே நின்று போகும்படி பேருந்தை மாற்றிவிடலாமா என்று பார்க்க வந்திருப்பதாக நடத்துநர் என்னிடம் சொன்னார். விலக்கிலிருந்து ஊர்வரை இருபுறமும் செம்மணல் தேரி. ஒதுங்க நிழல் கிடையாது. ஊரில் ஆட்டோவும் இல்லை. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடப்பதற்கே மதினிக்கு என் தோள் வேண்டும்.

அதிகாரி டீக்கடை அண்ணாச்சியிடம் ஊரில் எத்தனை குடும்பம் என்று கேட்டார். "இருநூறு தலைக்கட்டு சார்" என்றார் அண்ணாச்சி, தலையை நிமிர்த்திக்கொண்டு. அது பொய்யல்ல. கோயில் கொடைக்கு வரி பிரிக்கும்போது கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. அவன் மும்பையில் கடை வைத்திருந்தாலும், ஊர்ப்பக்கமே வராமல் போனாலும் கணக்கில் உண்டு. எங்கள் ஊரில் யாரையும் ஊரைவிட்டுப் போய்விட்டதாகச் சொல்வதில்லை. வியாபாரத்துக்குப் போயிருப்பதாகத்தான் சொல்வோம். இன்றும் எங்கள் ஊரில் எத்தனை வீடு என்று யாராவது கேட்டால், எந்தக் கணக்கைச் சொல்வது என்று நான் தயங்குகிறேன். அண்ணாச்சி தயங்கவில்லை. பெரிய ஊர் என்று தெரிந்தால் பேருந்தை விலக்கோடு நிறுத்தமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

அதிகாரி எங்களையும் பின்னால் நின்ற இரண்டு மூன்று முதியவர்களையும் பார்த்தார். "இருநூறு குடும்பத்துல இவ்வளவு பேர்தானா? அப்ப எல்லார்ட்டயும் வண்டி இருக்கு. பஸ்ஸை யாரும் தேடல."

படியில் காலை வைத்திருந்த மதினி இறங்கிவிட்டார்.

"சார், அண்ணாச்சி சொன்னது கோயில் கணக்கு. எங்கூட தெருவுக்குள்ள வாங்க. பூட்டாத வீட்ட மட்டும் எண்ணுங்க."

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "ஏளா, ஒரே பேச்சுல ஊரைக் காலி பண்ணிட்டியே."

"நாஞ்சொல்லியா அண்ணாச்சி காலியாச்சு?"

வீங்கிய கால்களோடு மதினி முன்னே நடக்க, அதிகாரி பின்னால் போனார். ஓட்டுநர் எஞ்சினை முடுக்கினார். "என்ன சார், சாமி ஊர்வலமா போவுது?" என்று என்னைக் கேட்டார். மருத்துவமனையில் மதினிக்கென்று இயந்திரத்தை ஒதுக்கியிருந்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிந்தினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மதினியைத் திரும்பக் கூப்பிடவும் முடியவில்லை, பேருந்தை விடவும் முடியவில்லை. ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து நின்றேன். மதினி ஒவ்வொரு பூட்டின் முன்னும் நின்று மூச்சு வாங்குவது தெரிந்தது.

திரும்பி வருகையில் நிறுத்தத்தை ஒட்டிய எங்கள் வீட்டைக் காட்டி, "இதுவும் பூட்டித்தானே இருக்கு?" என்றார் அதிகாரி.

"இது என் வீடு சார். சாயந்தரம் வந்து தொறந்துருவேன். பஸ் நின்னுட்டா, தொறக்க ஆளிருக்காது."

அவர் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இயந்திரம் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. மறுநாள் காலையில் வரச் சொன்னார்கள். அந்த ஒரு நாளைத் தாங்குமா என்ற என் கேள்விக்கு, மூச்சு முட்டினால் உடனே கூட்டி வரும்படி மட்டும் நர்ஸ் சொன்னார். மில்லர்புரத்தில் என் வீட்டில் தங்கச் சொன்னதை மதினி கேட்கவில்லை. மாலையில் ஊர் திரும்பினோம். மதினி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதலில் கேட்டது டீக்கடை ஷட்டர் இறங்கும் சத்தம். அண்ணாச்சி சலவைச் சட்டையோடு நிறுத்தத்துக்கு வந்தார். மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை. பேருந்து வந்தது, ஏறுகிறவர்களை எண்ண அன்றும் அதிகாரி முன் இருக்கையில் இருந்தார். எங்களுக்கு முன்பாக அண்ணாச்சி ஏறினார். அவர் பேருந்தில் ஏறி நான் பார்த்ததே இல்லை.

"என்ன அண்ணாச்சி, கடையப் பூட்டிட்டு? என்ன சோலி?" என்றார் நடத்துநர்.

"ஒரு சோலியும் இல்ல. தூத்துக்குடிக்கு ஒண்ணு கொடும்."