சோற்றுக்கு முன்னால் புடிங்

ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதன், தலையில் காகிதத் தொப்பியோடு இட்லிச் சட்டியின் முன்னால் நின்று, உள்ளே அவிந்துகொண்டிருந்த கரமல் புடிங்குக்காக முருகனை வேண்டிக்கொண்டிருந்தான். தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டியொட்டி நிற்கும் அந்த வீட்டு வரிசையில், அன்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த எல்லாருக்கும் அந்தக் காட்சி இலவசம். அந்த மனிதன் நான்தான்.

காரணம் என் மனைவி. எட்டு வருடம் அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு, போன ஆனியில் லிந்துலைக்குத் திரும்பி வந்தாள். வந்த அன்று நானும் மகளும் பாய் விரித்து மூன்று தட்டு வைத்தோம். அவள் எங்கள் இருவருக்கும் பரிமாறினாள். மூன்றாவது தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுப்படி நிலையில் சாய்ந்து, நின்றபடியே சாப்பிட்டாள். பயணக் களைப்பு என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். ஏழு மாதமும் அப்படித்தான்.

"ஒக்காந்து சாப்பிடேன்" என்றால், "பழகிப் போச்சுங்க. நின்னாத்தான் எறங்குது" என்பாள்.

நான் என் வழக்கப்படி வேடிக்கை பேசிப் பார்த்தேன். "மாடுகூடப் படுத்துத்தான் அசைபோடுது. நின்னுக்கிட்டே தின்னு நின்னுக்கிட்டே தூங்குறது குதிரை மட்டுந்தான். சித்திரையில நுவரெலியா ரேஸுக்கு ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். சிரித்தாள். சிரித்ததும் நின்றபடிதான்.

அங்கே இருந்ததைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். ஒரே ஒரு கதையை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். அந்த வீட்டுப் பையனின் பிறந்தநாளுக்கு ஹோலையே அந்தக் காலத்து அமெரிக்க ஹோட்டல் மாதிரி மாற்றினார்களாம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, சிவப்பு மெத்தை போட்ட இருக்கை, காகிதத் தொப்பி வைத்த ஆட்கள் பரிமாற, சாண் உயரக் கிளாசில் மில்க் ஷேக். எல்லாமே இனிப்புத்தான். கரமல் புடிங் தொடங்கிப் பதினான்கு வகை, அத்தனையும் இவள் கையால் செய்தது.

"எப்பிடி இருந்திச்சு?" என்று மகள் கேட்டாள்.

"கதவிடுக்கால பார்த்தேன். நல்லாத்தான் இருந்திச்சு."

"அதில்லம்மா. புடிங்கு?"

"சரியா வந்திருச்சான்னு நாக்குல வச்சுப் பார்த்தேன். அவ்வளவுதான்."

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் இந்தக் கூத்தை நானும் மகளும் முடிவு செய்தோம். அதே ஹோட்டலை எங்கள் லயத்து அறையில், இந்தக் காம்பராவில் கட்டுவது. அவளை நடு இருக்கையில் உட்கார வைத்து, நான் பரிமாறுவது. ஒரு தரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டாள் என்றால் அப்புறம் பழகிவிடும் என்பது என் கணக்கு. தேயிலை ஸ்டோரில் இருபது வருடமாகக் கொழுந்து வாட்டுகிறவன் புடிங் அவிக்க மாட்டானா என்பது என் திமிர்.

சிவப்பு மெத்தைக்கு, கோயில் திருவிழாவில் கட்டும் துணியைத் தோட்டத் தலைவரிடம் கெஞ்சி எடுத்துவந்து, வாங்குப் பலகைகளின் மேல் சுற்றினோம். கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குப் பழைய கலண்டர்களின் பின்பக்கத்தில் ஒன்றுவிட்டொன்று கரி பூசினோம். தரையில் விரித்தேன். முதல் ஆளாக நானே வழுக்கி விழுந்தேன். பிறகு சுவரில் ஒட்டினோம். ஜெலியை உறைய வைக்கக் குளிர்ப்பெட்டி இல்லையே என்று தலையில் கைவைத்தபோது மகள் ஜன்னலைக் காட்டினாள். தை மாதத்துக் குளிரில் எங்கள் ஜன்னல் விளிம்பைவிடப் பெரிய குளிர்ப்பெட்டி இந்த மலையிலேயே கிடையாது. மில்க் ஷேக்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். மூடியைச் சரியாகப் பூட்டாமல் மிக்சியைப் போட்டதில், சுவரில் இருந்த வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது.

விருந்தாளிகள், அவளோடு முன்பு கொழுந்து பறித்த பெண்கள் பன்னிரண்டு பேர். பவுடர் பூசி, நல்ல சேலை கட்டி, கோயிலுக்கு வருவதுபோல் வந்தார்கள். நான் மெனு அட்டைகளைப் பணிவாக நீட்டினேன். பக்கத்துக் காம்பரா அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினார். "என்னைக்கு விசேசம்?" என்று கேட்டுவிட்டு, மடித்துப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அழைப்பிதழ் என்று நினைத்துவிட்டார்கள்.

மகள் தன் தாயைத் தோளைப் பிடித்து அழுத்தி நடு இருக்கையில் உட்கார வைத்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது. அடுத்த ஹோல்ட்டில் இறங்கப் போகிறவள் பஸ் சீட்டில் இருப்பதுபோல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியிலிருந்து கரமல் புடிங், வட்டிலப்பம், ஜெலி, சொக்லட் பிஸ்கட் புடிங் எல்லாவற்றையும் தட்டுத்தட்டாகக் கொண்டுவந்து வைத்தேன்.

யாரும் தொடவில்லை.

விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்குக் காத்திருக்கும் ஆட்கள் மாதிரி, கையை மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டேனா? முடி கிடக்கிறதா? அடுப்படிக்கு ஓடிப்போய் மிச்சத்தை அள்ளி வாயில் போட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. திரும்பி ஓடி வந்தேன். இன்னும் யாரும் தொடவில்லை. நான் பல்லைக் காட்டினேன். அவர்களும் மரியாதைக்குப் பல்லைக் காட்டினார்கள்.

கடைசியில் பக்கத்துக் காம்பரா அக்கா என்மேல் இரக்கப்பட்டார். "தம்பி, இதெல்லாம் இப்பிடி ஓரமா இருக்கட்டும். நீங்க சோத்தப் போடுங்க."

அப்போதுதான் எனக்குப் புத்தியில் இடி விழுந்தது. கல்யாணமாகட்டும், சடங்காகட்டும், எங்கள் ஊரில் புடிங் வருவது சோற்றுக்குப் பிறகு. புடிங்கைத் தின்றோம் என்றால் கை கழுவிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். விருந்து என்று சொல்லி அழைத்திருக்கிறேன். மரியாதையாகப் பகல் சாப்பாட்டைச் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள். என் வீட்டில் ஒரு பருக்கை சோறு ஆக்கவில்லை.

"சோறு..." என்று இழுத்தேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. என் மனைவி எழுந்துவிட்டாள். எழுந்த வேகத்தில் முந்தானையை இடுப்பில் செருகியும்விட்டாள். "அரை மணி நேரத்துல வடிச்சிருவேன். நீங்கல்லாம் பேசிக்கிட்டு இருங்க."

நான் பாய்ந்து போய் அடுப்படி வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"நகருங்க."

"ஏலாது. போய் ஒக்காரு."

"வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புவாங்களா? நகருங்கன்னா."

"நீ இன்னைக்கு விருந்தாளி."

"நானா?" அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த வீட்டுல?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"இந்த வீட்டுலதான்" என்றேன். "வந்து ஏழு மாசமாச்சு. நீ இன்னும் இங்க ஒக்காரவே இல்லியே."

மகள் ஜெலித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை பேருக்கு முன்னால் இப்படிச் சொல்லிவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் முந்தானை நுனியைச் செருகிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்துக் காம்பரா அக்காதான் எழுந்து வந்தார். என்னை ஒரு புல்லாகக்கூட மதிக்காமல், அவள் கையைப் பிடித்தார். "இங்க வா புள்ள. நீ எதுக்கு வடிக்கிற? எங்க வீட்டுல சோறு இல்லியா? காலையிலேயே ஆக்கி வச்சிட்டுத்தான் வந்தேன். இந்த மனுசன் ஆக்குறத நம்பி எவ வருவா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் எழுந்து போனார்கள். லயத்தில் இதுதான் வசதி. பத்து அடி நடந்தால் அடுத்த அடுப்பு. ஐந்து நிமிடத்தில் சோற்றுச் சட்டிகளும், பருப்பும், கருவாட்டுக் குழம்பும், யாரோ ஒருத்தியின் நேற்றைய கத்தரிக்காயும் என் அமெரிக்க ஹோட்டலுக்குள் வந்து இறங்கின.

"சோறு சூடாகுற வரைக்கும் இத ஒரு கை பார்ப்போம்" என்று அக்கா புடிங் தட்டை இழுத்தார். "வெள்ளக்காரன் இதத்தான் மொதல்ல திம்பான் போல." எல்லாரும் தின்னத் தொடங்கினார்கள். சோற்றுக்கு முன்னால் புடிங் தின்பது ஏதோ கள்ளத்தனம் மாதிரி, ஒருவரையொருவர் பார்த்துக் கெக்கலித்துக்கொண்டே தின்றார்கள்.

என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அக்கா இன்னும் அவள் கையை விடவில்லை. மற்றக் கையால் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். நான் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனாக நின்றேன்.

"சீனியக் கறுக்க விட்டுட்டீங்க" என்றாள். "முட்ட வாசம் அடிக்குது. வெனிலா போடலியா?"

"மறந்துட்டேன்."

"ம்." இன்னொரு கரண்டி எடுத்தாள். பிறகு இன்னொன்று. தட்டு காலியானது. காலித் தட்டை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் எழப் போனாள். பாதி எழுந்தவள், என்ன நினைத்தாளோ, தட்டை எனக்கு நீட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை முதுகு வாங்கின் சாய்மானத்தில் பட்டது.

எங்கள் டவுன் ஹோட்டல்களில் பரிமாறுகிறவரை வயது பார்க்காமல் எல்லாரும் "மல்லி" என்றுதான் கூப்பிடுவார்கள். சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து "என்னங்க" என்பதைத் தாண்டி என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாதவள், பன்னிரண்டு பேருக்கு முன்னால் கையை உயர்த்தினாள்.

"மல்லி! தண்ணி ஒரு கிளாஸ்."

லயமே அதிர்ந்தது. மகள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் இடுப்பை வளைத்து, "சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா மேடம்?" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் எட்டு வருடம் அவள் வாயில் இருந்த வார்த்தை அது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது.

"மேடமெல்லாம் வேணாம்" என்றாள் மெதுவாக. பிறகு, "சுடுதண்ணி. அவசரமில்ல, ஆறுதலாக் கொண்டாங்க."

கொண்டுவந்தபோது சோறு பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். அவள் காலை மடக்கிச் சிவப்புத் துணியின் மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, பக்கத்து அக்காவின் தட்டிலிருந்து ஒரு துண்டுக் கருவாட்டைக் கேட்காமலே எடுத்தாள். கொழுந்து மலையில் நடந்த ஏதோ பழைய கதை ஓடிக்கொண்டிருந்தது. வாயில் சோற்றோடு அவளும் நடுவில் புகுந்து பேசினாள். நான் நீட்டிய கிளாசை அவள் கவனிக்கவில்லை.

நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் அவசரமில்லை.