வளைவில் கட்டிய சிவப்புத் துணி

நான் ரயில் பாதையில் நடக்கிறவன். இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கும் ஹாலிஎலைக்கும் நடுவில் எனக்கென்று ஒரு துண்டுப் பாதை இருக்கிறது. காலை ரயில் வருவதற்கு முன் அதை நடந்து பார்த்துவிட வேண்டும். ஆணி கழன்றிருக்கிறதா, கல் உருண்டு கிடக்கிறதா, மேட்டில் புதிதாக வெடிப்பு ஏதும் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோளில் ஒரு பை தொங்கும். அதற்குள் இரண்டு கொடிகளும் தண்டவாள வெடியும் இருக்கும். வெடி என்றால் கல்லுடைக்கிற வெடி இல்லை. சின்னத் தகர டப்பா மாதிரி ஒன்று. தண்டவாளத்தின் மேல் கட்டிவிட்டால் சக்கரம் ஏறியதும் படார் என்று வெடிக்கும். பனிமூட்டத்தில் சாரதிக்குக் கொடி தெரியாவிட்டாலும் அந்தச் சத்தம் கேட்டு ரயிலை நிறுத்துவார்.

எல்ல என்கிற ஊருக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தப் பாதை உலக அழகி. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டிப் படம் எடுப்பார்கள். நான் கையை ஆட்டி உள்ளே போகச் சொல்வேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னையும் படம் எடுத்துவிட்டு, சூப்பர் என்பது போலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் அப்போது மழையில் நனைந்த கோழி மாதிரி ஒடுங்கிப்போய், தலைக்கு மேலே நிற்கிற பாறை நேற்று நின்ற இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்த வேலைக்குப் பயந்தவன்தான் சரி என்று என் மனைவியிடம் அடிக்கடி சொல்வேன். "பயந்தவன் சரி. பொழுதன்னைக்கும் பயந்தா அடுத்தவங்களும் சேந்தில்ல சாகணும்?" என்பாள் அவள்.

முன்பெல்லாம் லீவு நாளில் கேரம் விளையாடப் போவேன். இப்போது என் பொழுதுபோக்கு மழை பார்ப்பது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் ஒரு சோடாப் போத்தலின் கழுத்தை அறுத்துக் கவிழ்த்து, மழை அளக்கிற கருவி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். போனில் தமிழ்நாட்டில் வானிலை சொல்கிற பையன்கள் எல்லாரும் எனக்குப் பழக்கம். வங்கக்கடலில் ஒரு சுழி தெரிந்தால் போதும், எனக்குச் சோறு இறங்காது. அவர்களுக்கென்ன, கரையைக் கடந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கடந்தது எங்கள் மேல்தானே. நம் நாட்டுச் செய்தியில் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வரும். சிவப்பு வந்தால் இடம் பெயருங்கள் என்பார்கள். எங்கே பெயர்வது? காணி தருகிறோம், வீடு தருகிறோம் என்கிற பேச்சு எல்லாத் தேர்தலிலும் வருகிறது. லயம் மட்டும் அதே மேட்டுக்கு அடியில் இருக்கிறது. மீரியபெத்தையில் மண் ஆட்களோடு லயத்தை மூடியதற்குப் பிறகு, எங்கள் பக்கத்தில் ஓட்டின் மேல் மழை விழுந்தால் பெரியவர்கள் யாரும் கண்ணை மூடுவதில்லை.

போன புயல் மழையில் மலைநாட்டுப் பாதை பல இடத்தில் அறுந்தது. தண்டவாளம் அந்தரத்தில் ஏணி மாதிரி தொங்கியதைப் படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கொழும்புத் தொடர்பு போய், எங்கள் பக்கத்தில் மட்டும் குறுகிய தூரத்துக்கு ரயிலை ஓட விட்டார்கள். அந்த ரயிலில்தான் என் மகள் பதுளைக்கு வேலைக்குப் போகிறாள். டவுனில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். நான் நடந்து பார்த்த பாதையில், நான் சரி என்று சொன்ன பிறகு, என் பிள்ளை போகிறாள். இதை நினைத்தால் ஒரு சிலிப்பர் கட்டையைக்கூட என்னால் சும்மா தாண்டிப் போக முடியாது.

என் துண்டுப் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. வளைவின் ஓரத்தில் ஒரு கல்லும், கல்லுக்குப் பின்னால் ஒரு சவுக்கு மரமும், நட்டு வைத்த வேலும் உண்டு. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கும்பிடுகிற முனி அது. புயலுக்குப் பிறகு மேட்டில் கோடு போட்ட மாதிரி ஒரு வெடிப்பு விட்டது. அதைப் பார்த்த நாளிலிருந்து ஆட்கள் முனிக்கு நேர்ந்து துணி கட்டத் தொடங்கினார்கள். மண் இறங்கக் கூடாது என்பதுதான் வேண்டுதல். முனிக்குச் சிவப்புத்தான் கட்டுவார்கள். முதலில் வேலில் ஒரு துணி இருந்தது. பிறகு மரத்தில், கிளையில், பக்கத்து வேலிக் கம்பியில் என்று பரவிவிட்டது.

ரயில் பாதை ஓரத்தில் சிவப்பு என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு சாரதி அந்தத் துணியைப் பார்த்துவிட்டு ரயிலையே நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் ஆளும் இல்லை, ஆபத்தும் இல்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் இன்னொருவர் நிறுத்தினார். நான் தோட்டத்துத் தலைவரிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். "மஞ்சள் துணி கட்டினா என்னாங்க?" என்று கேட்டேன்.

"முனிக்கு மஞ்சளா? அது மாரியம்மாளுக்குங்க. நீங்க வேற, சாமிய கோவிக்க வச்சு மண்ண எறக்கிப்புடாதீங்க" என்றார் அவர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் மேட்டு வெடிப்பை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் போனேன்.

என் மேலதிகாரி சிங்களவர், நல்ல மனுசர். சாமி விஷயத்தில் கை வைக்க அவருக்கும் பயம். அவர் இதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார். அந்த வளைவில் தெரிவது சாமித் துணி, அதற்காக நிறுத்த வேண்டாம் என்று சாரதிகளுக்குச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தாதது மட்டுமில்லை, சாரதிகளும் முனிக்கு மரியாதை செய்ய ஆரம்பித்தார்கள். சிவப்பைக் கண்டதும் குட்டையாக ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. எனக்கு மட்டும் அந்த ஹோர்ன் கேட்கும்போதெல்லாம் அது சரியில்லை என்று படும். என்ன என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. சொன்னாலும், இவனுக்கு எதைக் கண்டாலும் பயம் என்பார்கள்.

அந்த நாள் காலையில் மழை விட்டிருந்தது. பனிமூட்டம் மட்டும் கலையவில்லை. முனி வளைவைத் தாண்டி ஹாலிஎலைப் பக்கம் கொஞ்ச தூரம் இறங்கியிருப்பேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் வழக்கமாக வராத இடத்திலிருந்து வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பாதைக்கு அடியில் மண் இல்லை. தண்டவாளம் இருக்கிறது, கட்டை இருக்கிறது, கீழே தேயிலை மலை வரைக்கும் வெறும் பள்ளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு கூடை மண் பொத்தென்று விழுந்தது.

ரயில் வருகிற தெமோதரை ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பான நம்பருக்குப் போனது. மூன்றாம் முறை எடுத்தவர், "கோச்சி போயிட்டுதே" என்றார்; ரயில் ஸ்டேஷனை விட்டுவிட்டது. அவ்வளவுதான், நான் ஓடினேன். எனக்குச் சாமி பேர்கூட வாயில் வரவில்லை. என் மகள் இரண்டாவது பெட்டியில் ஜன்னலோரம் உட்காருவாள் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது.

வளைவில் போய் நின்றால் பனியிலும் சாரதிக்கு என்னைக் கொஞ்ச தூரத்திலிருந்தாவது தெரியும். அதனால் முனி மரம் வரைக்கும் ஓடினேன். அதைத் தாண்டியும் ஓடப் பார்த்தேன், மூச்சு அடைத்துவிட்டது. தண்டவாளம் ஏற்கெனவே முணுமுணுத்தது. ரயில் கிட்ட வந்துவிட்டது. பையிலிருந்து வெடியை எடுத்துத் தண்டவாளத்தில் கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. பிறகு பாதையின் நடுவில் நின்று சிவப்புக் கொடியை இரண்டு கையாலும் ஆட்டினேன்.

எஞ்சின் வெளிச்சம் பனிக்குள் மஞ்சளாகத் தெரிந்தது. அது என்னைப் பார்த்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது ஹோர்ன் கேட்டது. ஆபத்துக்கு அடிக்கிற நீள ஹோர்ன் இல்லை. குட்டையாக, மரியாதையாக ஒன்று. முனிக்கு அடிக்கிற ஹோர்ன்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தை நான் பட்டதில்லை. எனக்குப் பின்னால் மரம் முழுக்கச் சிவப்பு. அந்தச் சிவப்புக்குள் என் கொடியும் இன்னொரு நேர்த்தித் துணி. நான் கத்தினேன். ரயில் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள், வாய்க்காலுக்குள், விழுந்தேன். சக்கரம் வெடியில் ஏறியது. அந்தச் சத்தம் மலைக்கு மலை எதிரொலித்தது. அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கிற கிரீச் சத்தம் வந்தது. கடைசிப் பெட்டியும் என்னைத் தாண்டிப் போனது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

நின்றுவிட்டது. பள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு லயத்து நீளம் இருந்திருக்கும். சாரதி இறங்கி முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ரத்தமில்லை. "சாமித் துணின்னுதான் நெனச்சேன்" என்று சிங்களத்தில் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவர் எஞ்சினுக்குத் திரும்பிய பிறகுதான் என் மகள் இறங்கி ஓடி வந்து என் சட்டையிலிருந்த சேற்றைத் துடைத்தாள். நான் அவள் தலையைத் தடவினேன். சாரதி என்ன சொன்னார் என்று வீட்டில் சொல்லவில்லை. அவர்களையும் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

அந்த வெடிச் சத்தம் கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஆட்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது. அன்றைக்கு மாலைக்குள் கதை உருவாகிவிட்டது. முனி அதட்டினான், கோச்சி நின்றது. தண்டவாள வெடி என்று நான் சொன்னால், "அது உங்க வெடிதாங்க, கட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார்கள். பாதையைக் கட்டி மறுபடி ரயில் விட்டபோது முனிக்குச் சேவல் அறுத்துப் பொங்கல் வைத்தார்கள். சாரதி ஒருவர் பூமாலை வாங்கிக் கொடுத்தார். புதுத் துணிகள் வந்தன. மரம் முன்னைவிடச் சிவந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் நான் தனியாக அங்கே போனேன். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன். கிட்டப் போனதும் கால் நின்றுவிட்டது. முனி மேல் பயமா, ஊர் மேல் பயமா என்று கேட்டால் இரண்டும்தான். நான் அவிழ்த்த மறுநாள் மண் இறங்கினால் அதற்குப் பதில் சொல்லப் போவது யார்? அப்படி நிற்கும்போதுதான் வேலின் உச்சியில் இருந்த துணி கண்ணில் பட்டது. என் மகளுடைய பழைய தாவணி.

அவள் எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள். "அது நான் கட்டினதுப்பா" என்றாள்.

"கோச்சி நின்னதுக்கா?"

"இல்ல. அதுக்கு முந்தியே கட்டினேன். நீங்க தெனம் இந்த மேட்டுக்கு அடியில தனியா நடக்குறீங்க. கோச்சியில வரும்போது இந்த வளைவுல உங்க தலைய பாத்தப்புறந்தான் எனக்கு மூச்சே வரும். ஒங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் கட்டினேன்."

நான் அவள் ரயிலுக்குப் பயந்துகொண்டிருக்க, அவள் என் நடைக்குப் பயந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி மறைக்க முடியாது என்று தோன்றியது. சாரதி சொன்னதைச் சொன்னேன். அந்தக் குட்டை ஹோர்னைச் சொன்னேன். இந்தச் சிவப்புக்கு முன்னால் நான் நின்று கொடி ஆட்டியதையும், நான் சாரதி கண்ணுக்குத் தெரியாமல் போனதையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. கல்லில் ஏறித் தாவணியை அவிழ்த்தாள். முடிச்சு மழையில் இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தாள்.

பிறகு அடுத்த முடிச்சில் கை வைத்தாள்.

"அது அடுத்த காம்பராக்கா கட்டினதும்மா" என்றேன். லயத்தில் எங்கள் பக்கத்து அறையில் இருக்கிறவளைத்தான் சொன்னேன்.

"தெரியும். நான் சொல்லிக்கிறேன்."

ஒவ்வொன்றாக அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். நான் வாங்கி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். என்னால் ஒரு முடிச்சைத் தொடக்கூட முடியவில்லை. மேலே வெடிப்பிலிருந்து ஒரு சின்னக் கல் உருண்டு வந்து பாதையில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்.

கீழே ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் பேசிக்கொண்டு வருவது கேட்டது. கடைசித் துணியும் என் கைக்கு வந்தபோது அவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். முன்னால் அடுத்த காம்பராக்காரியும் தலைவரும் வந்தார்கள். காம்பராக்காரி மரத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "எங்க சாமி துணிய யாரு அவுத்தது?" என்று கேட்டாள்.

என் மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் அவளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்தேன்.

"நான்தான்" என்றேன். பயத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.