ராட்டினத்தடியில் பை பிடித்தவர்

அருப்புக்கோட்டைப் பொட்டலில் புதிதாகத் திறந்திருந்த தீம் பார்க்கில்தான் அந்த மீசைக்காரரைப் பார்த்தேன். பெரிய ராட்டினத்தின் அடியில், தான் ஏறாமல், ஏறுகிறவர்கள் கொடுத்த பைகளை மடியிலும் தோளிலும் சுமந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பையையும் வாங்கும்போது, "பத்திரமா இருக்கும், போய்ட்டு வாங்க" என்பார்.

நான் அத்தையை இழுத்து வந்து வரிசையில் நிறுத்தியிருந்தேன். அத்தை மச்சுப்படி ஏறவே பயப்படுகிறவர். ஒருதரம் ஏறிவிட்டால் பயம் போய்விடும், அப்புறம் ரசிப்பார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

"வேணாம்யா, காலு நடுங்குது."

"ஒண்ணும் ஆகாது அத்தை, இங்க பாத்துச் சிரிங்க!" என்று செல்போனில் படம் பிடித்தேன். வரிசையே சிரித்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அக்கா," என்று அந்த மனிதர் கூப்பிட்டார். "ஒத்த ஆளாச் சமாளிக்க முடியல. செத்த வந்து பைகளைப் பிடிக்கிறீகளா?"

அத்தை வரிசையை விட்டு அவரிடம் ஓடியே போய்விட்டார்.

என் பையையும் அவரிடம் கொடுத்துவிட்டு நான் மட்டும் ஏறி இறங்கியபோது, அத்தை மடி நிறையப் பைகளோடு, மேலே அலறுகிறவர்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஏலே, நீயும் கம்பியக் கட்டிப்பிடிச்சுக் கத்துனத இவுகளும் பாத்தாக!"

என் பையைத் திருப்பிக் கொடுக்கும்போது மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அக்கா அழுதது செல்லுல இருக்குமே?"

கூசிப்போனேன். அங்கேயே நின்று அந்தப் படத்தை அழித்தேன். அவர் அதற்குள் அடுத்த பையை வாங்கப் போய்விட்டார். இவருக்கும் உயரம் என்றால் பயமோ? கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்காமல் வந்துவிட்டேன்.